முத்தாயி ஏறிய சர்க்கார் ஏணி

முத்தாயி யார் வீட்டுப் பெண் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அவள் செய்த காரியத்தின் அளவு தெரியும். அவளைப் பெற்றவள் காப்பி பறித்தவள். பெரியப்பன் வீட்டில் நாலு பெண்கள், நாலு பேரும் காப்பி பறித்தவர்கள்தான். சின்ன அத்தையை வாழவந்தியில் கொடுத்தது. அந்த அத்தையின் மகள்கள் இன்றைக்கும் ஏதோ ஒரு எஸ்டேட்டில் கூடை சுமக்கிறார்கள். மஞ்சக்குட்டைக்கு ஐயாக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று பார்த்தாலும் கதை அதேதான். அத்தனை பேரும் மிளகு சீசன் வந்தால் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் குனிந்து நின்றவர்கள். ஆண்கள் மேலிருந்து பறித்துப் போடுகிற மிளகுச் சரத்தைப் பொறுக்கி, காலால் மிதித்து உதிர்த்து, பாயில் காயவைத்தவர்கள். இரண்டு வம்சத்திலும் ஒரு பெண்பிள்ளைகூட மிளகு ஏணியில் கால் வைத்ததில்லை.

மிளகு ஏணிக்கு வீட்டு ஏணி மாதிரி இரண்டு கால் கிடையாது. ஒரே மூங்கில். கணுவுக்குக் கணு கால்விரல் பதிகிற அளவுக்குக் கட்டை விட்டிருக்கும். அதை மரத்தில் சாய்த்து, கொடிக்கு நோகாமல் ஏற வேண்டும். சீசன் தொடங்குகிற நாளில் ஆண்கள் ஏணியைக் கழுவி, ஒவ்வொரு படிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சேர்வராயன் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கற்பூரம் காட்டுவார்கள். அதற்கப்புறம் பெண்கள் அதைத் தொடக் கூடாது. தரையில் கிடந்தால் தாண்டக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில், விடிகாலை அவசரத்தில், வாசலில் கிடந்த ஏணியை முத்தாயி தாண்டிவிட்டாள். மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. கொடுவாளை எடுத்து வந்து, நல்ல ஏணியைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்படியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அந்த விறகில்தான் அவள் சோறு பொங்கினாள். திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

இப்படிப்பட்ட முத்தாயியை ஏணிப் பக்கம் கூட்டி வந்தவள் தஸ்லீமா. ஏற்காடு கடைவீதியில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற ஜாபர் அலியின் மனைவி. ஜாபர் அலியின் தகப்பனார் சாதிக் பாஷா அடிவாரத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்து, அப்புறம் மலையேறி வந்தவர். தஸ்லீமா கல்லாவில் உட்கார மாட்டாள். கடையின் பின்கட்டில் மிளகு புடைக்க வருகிற பெண்களோடு முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்தப் பெண்களை வைத்துச் சின்னதாக ஒரு சங்கமும் நடத்தி வந்தாள். ஒரு நாள் புடைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"ஏனுங்க முத்தாயிக்கா, இதுல எது ஆம்பள பறிச்ச மிளகு, எது பொம்பள பொறுக்குன மிளகு?"

"அதெப்படீம்மா தெரியும்? மிளகு மிளகுதான்."

"எங்கூட்டுக்காரரும் ஒரே வெலைக்குத்தான் வாங்கறாரு. அப்பறம் கூலி மட்டும் ஏன் ரெண்டு தினுசா இருக்குது?"

"அவிய மேல ஏறறாங்க. நாங்க கீழ நிக்கறோம்."

"நீங்களும் மேல ஏறுனா?"

முறத்தோடு சேர்ந்து முத்தாயி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுப் பார்த்தால் தஸ்லீமா சிரிக்கவில்லை.

ஆணும் பெண்ணும் சரிசமமாக வேண்டும் என்று பாடுபடுகிற சங்கங்களுக்குச் சர்க்கார் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று தஸ்லீமா கேள்விப்பட்டிருந்தாள். பெண்கள் மிளகு ஏற ஏணியும் பெல்ட்டும் பயிற்சியும் வேண்டும் என்று எழுதிப் போட்டாள். ஜாபர் அலிக்குச் சிரிப்பு. "மிளகு வாங்கறவன் பொண்டாட்டி மிளகு பறிக்கறவங்களுக்குக் கூலி ஏத்தப் போறாளா? நம்ம கடை தலையில கல்லைப் போட்டுறாத தாயே" என்றார். ஆனால் சேலத்துக்குப் போய் வரும்போதெல்லாம் அவள் மனு எங்கே நிற்கிறது என்று ஆபீசில் விசாரித்துக்கொண்டு வந்தவரும் அவர்தான். முதல் வருஷம் ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் பணம் வந்துவிட்டது.

தஸ்லீமா ஜீப் பிடித்து மஞ்சக்குட்டைக்கே வந்து சொன்னாள். முத்தாயி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா? பொம்பள மரம் ஏறறதுக்குச் சர்க்காரு காசு குடுக்குதா?"

"குடுத்துருச்சுக்கா."

"ரோடு போடக் குடுப்பாங்க, ஊடு கட்டக் குடுப்பாங்க. எங்கயோ உக்காந்திருக்கற சர்க்காருக்கு, மஞ்சக்குட்டைக்காரி மரத்துல ஏறோணும்னு எப்படிம்மா தோணும்?"

"அவங்களுக்கு எப்படித் தோணும்? நாம கேட்டோம். கேக்கறவங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்காங்க."

முத்தாயிக்கு அது மனசுக்குள் இறங்கவே இரண்டு மூன்று நாள் பிடித்தது. தண்ணீர் சேந்தும்போது நினைத்துக்கொள்வாள், களி கிண்டும்போது நினைத்துக்கொள்வாள். தன் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஆட்கள், தான் ஏறுவதற்கென்று ஒரு ஏணியை எடுத்து வைத்திருக்கிறார்கள். தெய்வ காரியம் மாதிரி இருந்தது அவளுக்கு.

ஏணிகள் குப்பனூர் ரோடு வழியாகச் சின்ன லாரியில் ஏறி வந்தன. அலுமினிய ஏணிகள். ஒன்றோடு ஒன்றைச் செருகி நீட்டிக்கொள்கிற இரண்டு துண்டு. வெயிலில் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னின. கூடவே இடுப்பு பெல்ட்டும், மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்கிற கயிறும். பயிற்சி கொடுக்க வந்தவர் குட்டை மரங்களில் ஏற்றி இறக்கிப் பழக்கினார். முதல் நாள் பெண்கள் திருவிழாக் கூட்டம் மாதிரி வந்தார்கள். புருஷன் திட்டி, மாமியார் திட்டி, ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் முத்தாயியும், அவள் ஓரகத்தி ராணியும், இன்னும் சிலரும் நின்றார்கள்.

ஐயாக்கண்ணு மிளகு ஏறுவதில் அந்த எஸ்டேட்டிலேயே முதல் ஆள். பெண்டாட்டி ஏணி பழகுவதைப் பற்றி அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டீக்கடையில் மற்றவர்கள் விடுவார்களா?

"என்ன ஐயாக்கண்ணு, இந்த சீசனுக்கு நீ கீழ நின்னு பொறுக்கப் போறயாமா? சீலை எடுத்து வச்சாச்சா?"

"உனக்கும் சேத்து ஒண்ணு எடுத்துருக்கறன், வந்து கட்டிப் பாரு" என்று அங்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார்.

எஸ்டேட் ரைட்டர் லூர்துராஜ் கூலி போடுகிறவர். கெட்ட மனிதர் இல்லை. புதிதாக எதையும் செய்து மேலே உள்ளவர்களிடம் பேச்சு வாங்கப் பயப்படுகிறவர். தஸ்லீமாவிடம் சொல்லிவிட்டார்: "பழகுற மரம் வேற, எஸ்டேட் மரம் வேறம்மா. தென்னை ஒசரம் நிக்குது. ஒருத்தி உச்சி வரைக்கும் ஏறி, ஒரு சரம் விடாம ஒரு மரத்தைப் பறிச்சுக் காட்டட்டும். அன்னையில இருந்து ஏணிக்காரங்க கூலி போடறேன். முடியலேன்னா ஏணியை ஆம்பளைங்ககிட்டக் குடுத்துரோணும். சும்மா கெடந்து என்னத்துக்கு?"

சர்க்கார் பணமும் அப்படித்தான் நின்றது. முதல் பாகம் ஏணிக்கும் பயிற்சிக்கும் வந்துவிட்டது. பெண்கள் உண்மையிலேயே ஏறி வேலை செய்கிறார்கள் என்று அதிகாரி வந்து கண்ணால் பார்த்தால்தான் மற்ற எஸ்டேட் பெண்களுக்கான பாகம் வரும். அதிகாரி கவிதா சேலத்திலிருந்து தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியாயிற்று. அன்றைக்கே மரம் ஏறிக் காட்டிவிடுவது என்று ரைட்டரும் ஒத்துக்கொண்டார். யார் ஏறுவது என்ற பேச்சே வரவில்லை. எல்லோரும் முத்தாயியைப் பார்த்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலம்தான் ஒரு தப்பு நடந்தது.

ஏணிக்குப் பூசை போட வேண்டும் என்று ராணி சொன்னாள். ஆண்கள் ஏணிக்குப் பூசை உண்டு, சர்க்கார் ஏணிக்கு மட்டும் இல்லையா? பெண்கள் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எஸ்டேட் கொட்டகையில் ஏணியைக் கழுவித் துடைத்தார்கள். சந்தனம் வைத்தார்கள். மூங்கில் என்றால் பொட்டைக் குடித்துக்கொள்ளும். அலுமினியம் குடிக்குமா? வைத்த பொட்டு காய்ந்து உதிர்ந்தது. குங்குமம் வழிந்து ஓடியது. பொட்டு நிற்காத ஏணியில் ஏறுவது நல்லதில்லை என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"நிக்க வச்சுட்டாப் போச்சு" என்று ராணி வீட்டுக்கு ஓடினாள். விளக்கெண்ணெயை எடுத்துவந்து மஞ்சளையும் குங்குமத்தையும் களிம்பு மாதிரி குழைத்தாள். வைத்த இடத்தில் பொட்டு அட்டையாக ஒட்டிக்கொண்டது. கீழ்த்துண்டுக்குப் படிக்கு ஓரத்தில் ஒரு பொட்டு. மேல்துண்டுக்கு வரும்போது களிம்பு நிறைய மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று படி முழுக்கவே பூசிவிட்டாள். பார்க்க அம்மன் கோயில் சூலம் மாதிரி செக்கச் செவேலென்று இருந்தது. எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மிளகு ஏறி அறியாத பெண்களுக்கு அதில் என்ன தப்பு தெரியும்? ஐயாக்கண்ணு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பெண்கள் பூசை என்று அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் மூடுபனி மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி கவிதா ஜீப்பை விட்டு இறங்கி, மரத்தை அடியிலிருந்து மேலே பார்த்தார். பார்த்தவர் தஸ்லீமாவிடம் திரும்பி, "இதிலேயா?" என்றார்.

"இதுலதாங்க மேடம்."

"கட்டாயம் இல்லைன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

முத்தாயிக்கு அது காதில் விழுந்தது. "கட்டாயம்னா வந்தே இருக்க மாட்டனுங்க" என்றாள்.

சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, இடுப்பில் பெல்ட், தோளில் சாக்குப்பை. ராணி ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஏணிக்கார ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஐயாக்கண்ணு.

முத்தாயி ஏறினாள். ஒரு படி ஏறுவதும், மரத்தைச் சுற்றிய கயிற்றை ஒரு முழம் மேலே தள்ளுவதும், கைக்கு எட்டிய சரங்களைப் பறித்துப் பையில் போடுவதுமாக, அவசரமில்லாமல் போனாள். காப்பிச் செடி அவள் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பேச்சுச் சத்தம் கீழே போயிற்று. கீழ்த்துண்டு முடிந்து மேல்துண்டில் கால் வைத்தாள். ஒரு படி. இரண்டாவது படியில் பனியும் விளக்கெண்ணெயும் சேர்ந்து அவள் பாதத்தை யாரோ பிடித்து இழுத்த மாதிரி வழுக்கிவிட்டது. இரண்டு காலும் ஏணியை விட்டன.

கீழே தஸ்லீமா "யா அல்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது முத்தாயி விழவில்லை. கயிறு மரத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, மரத்தையும் கொடியையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கு! எறங்கிருமா!" என்று ரைட்டர் கத்தினார். "நீ ஏறுனது போதும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க!"

"அப்பவே சொன்னமில்ல" என்று ஆண்களில் ஒருத்தர் ஆரம்பித்தார். ஐயாக்கண்ணு முன்னால் வந்து அவரைப் பார்த்தார். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது.

முத்தாயியின் காது இரைந்தது. காலால் துழாவிக் கீழ்த்துண்டின் கடைசிப் படியில் நின்றாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். கையெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று நினைத்தாள். மூக்கருகே கொண்டுபோனால் விளக்கெண்ணெய் நாற்றம். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேலே உச்சி வரைக்கும் ஒவ்வொரு படியிலும் அதே சிவப்பு.

அதைத் துடைத்தால் ஏறலாம். துடைக்காமல் ஏற முடியாது.

ஆனால் துடைப்பது எதை? சாமிக்கு வைத்த பொட்டை. அடுப்படியில் வந்து விழுந்த ஏணித் துண்டுகள் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஒரு தரம் தெரியாமல் தாண்டியதற்கே அப்படி. இப்போது தெரிந்தே, ஊரே பார்க்க, சாமி குங்குமத்தைத் துண்டால் வழித்து எறிவதா? இறங்கிவிட்டால் ஒரு பாவமும் இல்லை. ஏணி ஆண்களிடம் போய்விடும், அவ்வளவுதானே. சர்க்கார் ஏணி ஆண்களிடம் போய்விடும் என்று நினைத்தபோதுதான் அவள் கை தலைக்குப் போயிற்று.

தலைத்துண்டை அவிழ்த்தாள்.

"சேர்வராயா, உனக்கு வச்சது உனக்கேதான். எடம் மட்டும் மாத்தறேன், கோவிச்சுக்காத" என்றாள். மேல்படியைத் துண்டால் வழித்தாள். வழித்த குங்குமத்தை உதறவில்லை. கொடிக்கு நடுவே தெரிந்த மரப்பட்டையில் அழுத்தித் தேய்த்தாள். படியை இன்னொரு தரம் காயத் துடைத்தாள். கால் வைத்துப் பார்த்தாள். நின்றது.

கீழே நின்றவர்களுக்கு முதலில் புரியவில்லை. ராணிக்குத்தான் முன்னால் பிடிபட்டது. "ஐயோ அக்கா, என்னாலதான்! நாந்தான் எண்ணெயக் குழைச்சேன்!" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

"அழுது ஏணியை ஆட்டாத புள்ள!" என்று மேலிருந்து குரல் வந்தது. அந்தப் பதற்றத்திலும் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள்.

படியைத் துடைப்பாள், மரத்துக்குப் பொட்டு வைப்பாள், ஏறுவாள், சுற்றிலும் இருக்கிற சரத்தைப் பறிப்பாள். மறுபடி துடைப்பாள். பனிக்குள் அவள் உருவம் மங்கிக்கொண்டே போனது. மரத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் அவள் போன வழியில் மேலே மேலே வளர்ந்தது. ஏணிக்கார ஆண்கள் கட்டியிருந்த கையை எப்போது அவிழ்த்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. வயசான ஒருத்தர் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், சாமி வருகிறபோது எடுப்பது போல. அதிகாரி கவிதா போட்டோ எடுக்கக் கையில் போனை வைத்திருந்தார். எடுக்க மறந்துவிட்டார்.

உச்சிக்குப் போனதும் பனி முத்தாயியின் காலுக்குக் கீழே இருந்தது.

வெயில் பளீரென்று முகத்தில் விழுந்தது. இத்தனை வருஷம் கீழே நின்று அண்ணாந்து பார்த்த மரங்களின் தலைகளெல்லாம் அவள் இடுப்பளவில், காற்றில் இலையைப் புரட்டிப் புரட்டி வெள்ளையாகக் காட்டிக்கொண்டு நின்றன. சேர்வராயன் கோயில் மலை, கூப்பிட்டால் கேட்கும் போலப் பக்கத்தில் நின்றது. தூரத்தில், பனி விலகிய ஓரிடத்தில் மஞ்சக்குட்டை, அதில் ஒரு நகத்தளவு ஓடு, அது அவள் வீடு. அந்த நகத்துக்குள்ளேயா தான் இத்தனை வருஷம் சமைத்து, சண்டை போட்டு, பிள்ளை பெற்றோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. அவளைப் பெற்றவள் இதைப் பார்த்ததில்லை. பெரியப்பன் பெண்கள் நாலு பேரும் பார்த்ததில்லை. அத்தை பார்த்ததில்லை. இது எல்லோருடைய தலைக்கு மேலும் எப்போதும் இருந்திருக்கிறது.

கும்பிடக் கையெடுக்கப் போனாள். பிடி விட்டுப்போகுமே என்று நெற்றியை மட்டும் மரத்தில் வைத்து எடுத்தாள். அப்புறம் உச்சியில் இருந்த சரங்களை ஒன்று விடாமல் பறித்தாள்.

அவள் இறங்கித் தரையில் கால் வைத்தபோது தஸ்லீமா ஓடி வந்தாள். முத்தாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் கையும் சிவப்பாயிற்று. ராணி காலில் விழப் போனவளை முத்தாயி முதுகில் ஒன்று வைத்து நிமிர்த்தினாள்.

கவிதா ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் மரத்தைச் சுற்றி வந்து, அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார். ஒரு சரம் மிச்சம் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிம்மா முத்தாயி. சொன்ன சொல் சொன்னதுதான். நாளையில இருந்து ஏணிக்காரங்க கூலி போட்டுடறேன்."

"நாளையில இருந்து எதுக்குங்க ரைட்டரய்யா? இன்னைக்குத்தான ஏறியிருக்கறன். இன்னைக்கே போடுங்க."

ரைட்டர் சிரித்துவிட்டார். "போடறேன் தாயே, இன்னைக்கே போடறேன்."

கவிதா போகும்போது தஸ்லீமாவிடம், "நான் பார்த்ததை அப்படியே எழுதுவேன். நம்புவாங்களான்னுதான் தெரியலை. அடுத்த பாகம் வரும், மற்ற எஸ்டேட் பெண்களைத் தயார் பண்ணுங்க" என்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தும் கழுத்தை வெளியே நீட்டி மரத்தைப் பார்த்துக்கொண்டே போனார். ராணி அந்நேரத்துக்கே ஏணியைக் கழற்றி, சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த மரம் தன்னுடையது என்றாள்.

வேலை முடிந்து, பொழுதிருக்கவே முத்தாயியும் ஐயாக்கண்ணுவும் மஞ்சக்குட்டைக்கு நடந்தார்கள். பாதி வழி வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்காமல் முன்னாலேயே நடந்தார். திட்டப் போகிறாரோ என்று அவளுக்கு ஒரு பக்கம் பயம். திருப்பத்தில் அவர் நின்றார்.

"உச்சிக்குப் போனயே, மேக்கால பாத்தயா?"

"பாத்தனுங்க. வெள்ளையா, கோலமாவு கொட்டுனாப்பல இருந்துச்சு."

"அது பனி. வெயில் ஏறுனா கலைஞ்சுரும். கலைஞ்சப்பறம் பாத்தீனா கீழ்நாட்டுல ரயில் போறது தெரியும். மரவட்டை ஊர்றாப்பல, சத்தமே இருக்காது."

முத்தாயி அவர் முகத்தையே பார்த்தாள். "ரயிலா? இத்தன வருசத்துல ஒரு நாளும் சொன்னதில்லைங்களே."

"பாக்காதவகிட்ட எப்படிப் புள்ள சொல்லறது?" என்றார் ஐயாக்கண்ணு. கையை நீட்டி, எந்த மேட்டு மரத்திலிருந்து அது நன்றாகத் தெரியும் என்று காட்ட ஆரம்பித்தார். காட்டிக்கொண்டே இருந்தார்.